நட்சத்திர நோட்டு... சேர்க்கலாமா, செலவழிக்கலாமா?

உங்கள் பர்ஸில் இருக்கும் ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைப் பாருங்கள். முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரம் இருந்தால், அது மாற்று நோட்டு. அச்சில் பழுதான நோட்டை எடுத்துவிட்டு, 100 நோட்டுக் கட்டில் அதற்குப் பதிலாக வைப்பது. 2006-ல் 10, 20, 50 ரூபாயில் இந்த முறை தொடங்கியது; 2016-ல் 500 ரூபாய்க்கும் வந்தது. கள்ள நோட்டு என்று வதந்தி பரவ, ‘இதுவும் செல்லும்’ என 2023-ல் ரிசர்வ் வங்கி விளக்கம் தந்தது.

மளிகைக் கடை நடத்தும் ஒரு பெண்மணி, ‘லட்சத்துக்கு விலைபோகும்’ என்ற வாட்ஸ்அப் தகவலை நம்பி, கல்லாவுக்கு வந்த நட்சத்திர 500 ரூபாய் நோட்டுகளை டப்பாவில் சேர்த்துவந்தார். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு நகையை அடகு வைத்தார், டப்பாவைத் தொடவில்லை. ஒருநாள் போனில் பேசியவர், “வித்துத் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க” என்றார். மகள்தான் தடுத்தாள். இப்படிக் கமிஷன் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று 2021-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது.

சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவது, மடிப்பே விழாத, அரிதான வரிசை நோட்டுக்குத்தான். கைமாறிக் கசங்கியதற்கு அதில் அச்சிட்ட மதிப்புதான். ஆசைக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மற்றதைக் கொடுத்து அடகு நகையை மீட்டால், வட்டியாவது மிச்சம்!