டாப் நசுங்கினால்
காரின் உடற்தகடுகளில் பானெட், கதவு, டிக்கி மூடி எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். பட்டறைக்காரர்கள் ‘டாப்’ என்று சொல்லும் கூரை அப்படி வராது. பக்கச் சட்டங்களோடும் முன்பின் கண்ணாடிகளுக்கு மேலுள்ள குறுக்குச் சட்டங்களோடும் அது ஸ்பாட் வெல்டிங்கில் பிணைந்திருக்கும். தடிமன் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் மரங்கள் சாய்ந்தபோது, அடியில் நின்ற கார்கள் பலவற்றில் அடி வாங்கியது இந்தத் தகடுதான்.

சுத்தியலுக்கு முன் டேப் வேண்டும். கதவுகளின் இடைவெளியையும் கதவு வாசலின் குறுக்களவையும் எடுத்து மறுபக்கத்தோடு ஒப்பிட்டால், தூண் வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். புதிய கார்களின் தூண்கள் மிகு வலிமை எஃகில் ஆனவை. சூடாக்கி நிமிர்த்தினால் வலிமை போய்விடும் என்பதால் மாற்றுவதே முறை. அடுத்து பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து, உள் லைனிங்கை இறக்குவார்கள். கூரையோரம் ஏர்பேக் இருக்கும் வண்டியில் அவசரம் ஆபத்து.

ஒடுக்கு எடுப்பதில்தான் டிங்கரின் கைத்திறன் தெரியும். பழகாதவர் ஆழமான பள்ளத்தைத்தான் முதலில் தட்டுவார். தேர்ந்தவர் பள்ளத்தைச் சுற்றி மேடாகிப்போன விளிம்பில் தொடங்குவார். கடைசியில் மடங்கிய இடம் முதலில் விரிய வேண்டும். இடது கையில் ‘டாலி’ என்ற இரும்புத் தாங்குகட்டை கீழிருந்து பள்ளத்தைத் தாங்க, சுத்தியல் மேலே மேட்டில் விழும். டாலிக்கு நேர்மேலே பலமாக அடித்தால் தகடு நீண்டுவிடும். நீண்ட தகடு பிஸ்கட் டின் மூடியைப்போல அமுக்கினால் உள்ளே போய் ‘டப்’பென்று திரும்பும். அதைச் சுருக்க, சிறு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றித் தட்டி, ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். கூரை அகலமான, அதிக வளைவில்லாத தகடு. சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் முழுவதும் நெளியும். மேடுபள்ளத்தைக் கண்ணைவிட உள்ளங்கைதான் நம்பகமாகச் சொல்லும். பட்டியைக் கனமாக அப்பி மறைத்த வேலை பின்னாளில் வெடிக்கும்.

தகடு கிழிந்திருந்தாலோ கூர்மையாக மடிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். கண்ணாடிகளை எடுத்து, கீழ்த்தகட்டைத் துளைக்காமல் ஒவ்வொரு வெல்டிங் புள்ளியையும் குடைவார்கள். புதிய டாப்பை வைத்து, கண்ணாடியும் கதவும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பற்றவைப்பு. அதுவும் தொடர்ச்சியாக அல்ல, இங்கொன்றும் அங்கொன்றுமாக. உள்விட்டங்களுக்கும் தகட்டுக்கும் நடுவே பசை வைக்க மறந்தால் வேகத்தில் கூரை அதிரும். மூட்டுகளில் சீலர் பூசி, பெயிண்ட் முடிந்து, கண்ணாடி ஒட்டி, லைனிங் ஏற்றுவதற்கு முன்பே நீரூற்றிப் பார்ப்பது நல்ல பட்டறையின் வழக்கம்.

காப்பீட்டுக் கணக்கில் உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதுப்படி தேய்மானம் கழியும்: வழக்கமான விகிதத்தில் 3 முதல் 4 ஆண்டுக்கு 25 சதவீதம், 5 முதல் 10 ஆண்டுக்கு 40 சதவீதம். தேய்மானமில்லாக் கூடுதல் பிரிவு இருந்தால் இந்தக் கழிவு இல்லை. புதுத் தகட்டுக்கு விலைச்சீட்டு உண்டு; பழையதை நிமிர்த்தும் கைக்குக் கூலியாகச் சில மணி நேரம்தான் பில்லில் ஏறும். காப்பாற்றக்கூடிய டாப்பும் அறுபடுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு, மரம் விழுந்த கூரைக்கு எதுவும் கிடைக்காது.