நின்ற வண்டியின் நடுக்கம்

20 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க இனி 5,000 ரூபாய் போதாது, 10,000 கட்டவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிவித்தது. பழசை வைத்திருப்பவன் அதை விட்டுத் தொலைக்கட்டும் என்பதுதான் எண்ணம். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அவருடைய சான்ட்ரோ 2004 மாடல். இருங்காட்டுக்கோட்டை ஆலையில் பிறந்து ஆவடியிலேயே வாழ்ந்த வண்டி. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் மட்டும் ஸ்டியரிங் உதறுகிறது. இரண்டு இடங்களில் காட்டிச் செலவழித்தும் நிற்கவில்லை.

"பட்டாபிராம்ல ஒரு பாய் இருக்கார். அவர் கையை வெச்சுப் பார்த்துச் சொன்னா வெச்சுக்கறேன், இல்லன்னா வித்துடறேன். நீங்களும் வாங்களேன், எழுதறதுக்கு ஏதாவது கிடைக்கும்" என்றார்.

சி.டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட ஷெட். போர்டு கிடையாது. நவம்பர் 2024-இல் திறந்த பட்டாபிராம் டைடல் பார்க்கின் 21 மாடிகளும் அங்கிருந்து தெரிகின்றன. ஷெட்டில் நின்ற வண்டிகளில் ஒன்றுகூடப் புதுசு இல்லை. இரண்டு மாருதி 800, ஒரு ஜென், பம்பர் கழற்றிய இண்டிகா, கூரைவரை தூசி படிந்த ஒரு டீசல் அம்பாசிடர். டைடலுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் காராக செகண்ட் ஹேண்ட் வாங்குகிறார்களாம். அதனால் பழைய வண்டிக்கு இப்போது வேலை கூடியிருக்கிறது என்றார் பாய்.

அறுபதை நெருங்குகிற மனிதர். வண்டிப் பக்கமே வராமல் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்க ஆரம்பித்தார்.

"நின்னா மட்டுமா உதறுது, எண்பதுல போனாலுமா?"

"நின்னா மட்டும்தான் பாய்."

"ஏசி போட்டா?"

"ஜாஸ்தி."

"ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சா?"

"அடங்கிடுது."

"முன்னாடி பார்த்த இடத்துல என்ன பண்ணாங்க?"

நண்பர் பில்லை எடுத்து நீட்டினார். வீல் பேலன்சிங், வீல் அலைன்மென்ட், மறுபடியும் வீல் பேலன்சிங், ஒரு இன்ஜின் மவுண்டிங். பாய் சிரித்தார். "சக்கரம் சுத்தவே இல்ல. அதுக்கு எதுக்கு சார் பேலன்ஸ் பார்த்தாங்க?"

எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. எண்பதில் போகும்போது ஸ்டியரிங் ஆடினால் சக்கரம், டயர், டை ராடு என்று தேடலாம். நிற்கிற வண்டியில் முக்கியமாகச் சுற்றுவது இன்ஜினும் அதன் பெல்ட்டில் தொங்கும் சாமான்களும், ரேடியேட்டர் ஃபேனும்தான். நடுக்கம் அங்கிருந்துதான் கிளம்பியாக வேண்டும். இது மெக்கானிக்குக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. ஆனால் வீல் பேலன்சிங்குக்கு மிஷின் இருக்கிறது, ரேட் கார்டு இருக்கிறது, பில்லில் எழுத ஒரு பெயர் இருக்கிறது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டியரிங்கில் கை வைத்தார். பிறகு கியர் லீவரில், சீட்டின் முதுகில், கடைசியாக பானட்டில். நடுக்கம் எந்த வழியாக வருகிறது என்று அந்தக் கை பார்க்கிறது. பின்னால் போய்க் குனிந்து, சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டினார். நான்கு சிலிண்டரும் வேலை செய்தால் புகை ஒரே சீராகக் கையில் தட்டும். ஒன்று தூங்கினால் நடுவில் ஒரு தட்டு விழாது. நானும் கை நீட்டினேன். சூடு தெரிந்தது. தட்டுகளில் எது விழுந்தது, எது விழவில்லை என்பது பிடிபடவில்லை.

"மிஸ்ஸிங் இல்ல" என்றார். இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்ள, இன்ஜெக்டர்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான் அவரிடம் வேலை பழகும் பையன். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் இன்ஜின் தள்ளாடியது. கழற்றியும் தள்ளாடாத சிலிண்டர் இருந்தால் அதுதான் ஏற்கெனவே செத்த சிலிண்டர். கார்புரேட்டர் வண்டிகளில் இதையே பிளக் வயரைப் பிடுங்கிச் செய்வார்களாம், ஷாக் அடித்தால் உதறிக்கொண்டு அடுத்த வயருக்குப் போவார்களாம். அடுத்து த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கரி எடுத்தார்கள். ஏதேதோ ஓஸ்களை அமுக்கிப் பார்த்தார்கள். அது நெடுநேரம் நடந்தது, எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஒரு ஸ்க்ரூடிரைவர் பாய் கையில் இருந்தது.

முழங்கை நீளம். மரக் கைப்பிடி, கை பட்டுப் பட்டுக் கறுத்து நடுவில் குழிந்திருக்கிறது. முனை மழுங்கிப்போய்விட்டது, இனி எந்தத் திருகையும் திருகாது. அதன் முனையை ஆல்டர்னேட்டர் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதருகே கொண்டுபோனார். காதில் வைக்கவில்லை. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். கண் மூடியிருந்தது. வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர் என்று முனை நகர்ந்தது. பேரிங் தேய்ந்திருந்தால் இரும்பு வழியாக அரைபடும் சத்தம் எலும்புக்கு வந்துவிடும். இங்கே எதிலும் வரவில்லை.

எலும்பில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அவருக்கு வலது காது பாதிதான் கேட்கிறது. பட்டாபிராம் மிலிட்டரி டிப்போவில் மூட்டை தூக்கியவரின் மகன். பதிமூன்று வயதில் புதுப்பேட்டையில் ஒரு ஷெட்டில் விட்டுவிட்டார்கள். முதல் இரண்டு வருஷம் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவுவதுதான் வேலை. பிறகு டீசல் அம்பாசிடர்கள். பானட்டைத் திறந்து இன்ஜினை முறுக்கிவிட்டு, தலையை உள்ளே விட்டுக் கேட்கச் சொல்வார் உஸ்தாத். வருஷக்கணக்கில் கேட்டதில் காது போயிற்று. ஸ்க்ரூடிரைவர் உஸ்தாத் கொடுத்தது. சம்பளத்தில் பிடித்துக்கொண்டார் என்பதையும் சொன்னார். பத்மினி, அம்பாசிடர் எல்லாம் குறைந்து, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஊரெல்லாம் நிறைந்தபோது தனியாக ஷெட் போட்டார். 2014-இல் 800-ம் நின்றது, அதே வருஷம் அம்பாசிடரும் நின்றது. அவருக்கு வேலை நிற்கவில்லை.

"எண்ணூறு உதறத்தான் செய்யும் சார். மூணு சிலிண்டர். அதை ரிப்பேர்னு கொண்டாந்தா திருப்பி அனுப்பிடுவேன். இது நாலு. இது இவ்ளோ உதறக் கூடாது."

கணக்கு இதுதான். நிமிஷத்துக்கு 750 சுற்றில் நிற்கும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் விநாடிக்கு 25 வெடிப்பு. மூன்று சிலிண்டரில் 19-க்குக் கொஞ்சம் குறைவு. வெடிப்பின் வேகம் குறையக் குறைய நடுக்கம் பெரிதாகத் தெரியும். ஸ்டியரிங் தண்டுக்கும் சொந்தமாக ஓர் அதிர்வு வேகம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கைக்கு வரும் உதறல் பல மடங்காகும். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் அடங்குவது அதனால்தான். மைலேஜ் கிடைக்கும் என்று ஸ்லோ ஸ்பீடைக் குறைத்து வைப்பவர்கள் இந்த உதறலைத் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

இவ்வளவையும் உடம்புக்கு வராமல் தடுப்பது இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மவுண்டிங்குகள். ஆரம்பகாலக் கார்களில் இன்ஜினைச் சட்டத்தோடு இரும்பாகவே முடுக்கினார்கள். 1931-இல் அமெரிக்காவில் பிளிமத் கார்களில் இன்ஜினை ரப்பரில் மிதக்கவிடும் முறை வந்தது. அடுத்த வருஷமே பிரான்ஸின் சிட்ரோயன் அந்த உரிமையை வாங்கியது. ரப்பர் செய்யவேண்டிய வேலை முரணானது. இன்ஜினின் கனத்தையும் கியர் போடும்போது வரும் முறுக்கையும் தாங்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கவேண்டும். நிற்கும்போது வரும் சின்ன நடுக்கத்தை விழுங்கும் அளவுக்கு மெத்தென்றும் இருக்கவேண்டும். வருஷங்கள் போனால் சூட்டிலும் எண்ணெய்ப் பசையிலும் குக்கர் கேஸ்கட் மாதிரி விறைத்துப்போகும், இல்லையென்றால் வெடித்துத் தொங்கும்.

முந்தைய இடத்தில் மாற்றிய மவுண்டிங்கைப் பாய் டார்ச் அடித்துக் காட்டினார். புத்தம் புதுசு. நடுவிலிருக்கும் இரும்புக் குழல் ரப்பர் வளையத்தின் மையத்தில் இருக்கவேண்டும். இங்கே குழல் மேல்பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. மேலே நகம்கூட நுழையாது, கீழே சுண்டுவிரல் நுழைந்தது. அதாவது இன்ஜினை அதன் போக்கில் உட்காரவிடாமல் இழுத்துப் பிடித்து போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். இழுபட்டு நிற்கும் ரப்பர் எதையும் விழுங்காது, வாங்கியதை அப்படியே பாடிக்குக் கடத்தும். போதாததற்கு அது லோக்கல் மால். விரலால் அழுத்தினார், அமுங்கவில்லை. "டயரை வெட்டி வெச்ச மாதிரி இருக்கு பாருங்க. இதுக்குப் பழைய மவுண்டிங்கே தேவலை."

இதை எந்த ஸ்கேனரும் காட்டாது. ரப்பருக்குள் சென்சார் கிடையாது.

இங்கே கொஞ்சம் கோபப்படவேண்டியிருக்கிறது. நம் ஊரில் பழுதைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை. சாமானுக்கு விலை உண்டு, மாட்டுவதற்குக் கூலி உண்டு. ஒருவர் அரைநாள் காதையும் கையையும் வைத்து, சாமானே வேண்டாம், போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முடுக்கினால் போதும் என்று சொன்னால், அவருக்குக் கொடுக்க நமக்கு மனசு வராது. இந்த மனசை வைத்துத்தான் ஸ்பேர் கடைக்காரன் பிழைக்கிறான். எந்த மெக்கானிக் அதிகச் சாமான் எழுதுகிறானோ அவனுக்குக் கமிஷன். ஒரிஜினல் அட்டைப்பெட்டியில் டூப்ளிகேட். அம்பத்தூரிலும் பாடியிலும் கார்க் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த ஊரில், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவனுக்கு நல்ல ரப்பர் கிடைப்பதில்லை. கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. ஒரிஜினல் பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அப்பீல், கோர்ட்டு என்று அது இழுபட்டது. 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு ஒரு வலைத்தளம் திறந்தது. பாயின் ஷெட்டுக்குள் அதில் எதுவும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

"நீங்களும் கமிஷன் வாங்குவீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டேன். நண்பர் முகம் சுளித்தார்.

"வாங்குவேன். வாங்காம எப்படி? கரண்டு பில்லு, வாடகை, இந்தப் பையன் சம்பளம். ஆனா தேவையில்லாத சாமான் எழுத மாட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "எழுதினதே இல்லன்னு சொல்லல" என்றார்.

வேலை என்று பார்த்தால் சின்னது. ஆயில் பேனுக்குக் கீழே பலகை வைத்துப் பாட்டில் ஜாக்கியால் இன்ஜினைத் தாங்கினார்கள். எல்லா மவுண்டிங் போல்ட்டுகளையும் தளர்த்தினார்கள். ஜாக்கியை எடுத்துவிட்டு இன்ஜினைப் பிடித்து ஒரு குலுக்கு. பிறகு ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டார்கள். இன்ஜின் தானே அசைந்து தன் இடத்தைத் தேடிக்கொள்ளும் என்றார். நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினார். குழல் வளையத்தின் நடுவுக்கு வந்திருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது ஸ்டியரிங்கில் கை வைத்த நண்பர் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். ஏசி போட்டால் மட்டும் மெல்லிய நடுக்கம் பாக்கி. அது அந்தக் கெட்டி ரப்பரின் வேலை, கம்பெனி மவுண்டிங் ஒன்று வாங்கி வாருங்கள், மாற்றிவிடலாம் என்றார் பாய்.

கூலி 1,200 கேட்டார். நண்பர், இவ்வளவு மகிழ்ச்சியிலும், "சாமான் எதுவும் போடலையே பாய்" என்றார். பாய் பதில் சொல்லவில்லை. பையன்தான் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்தவனாம். வேலை தொடங்குமுன்பே போனை டேஷ்போர்டில் வைத்து, ஏதோ ஒரு ஆப்பில் அதிர்வைப் பதிவு செய்திருக்கிறான். 25-க்குப் பக்கத்தில் கோபுரம் மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. வேலை முடிந்தபின் எடுத்ததில் அதே இடத்தில் சின்ன மேடு. நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்து 1,200 எண்ணினார்.

"இதைக் காட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து யாரும் பேரம் பேசறதில்ல சார்" என்றான் பையன். பாய் ஸ்க்ரூடிரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டே, எந்த மவுண்டிங்னு உன் போன் சொல்லுமாடா என்று கேட்டார். சொல்லாது பாய் என்று பையன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இண்டிகா பக்கம் போனான்.