தேசிக்காய் போன வழி

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் அது கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. ஐயா அதை முழுதாக நம்பினார். வயது போன காலத்தில் எங்களைப் பார்க்க நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்தவரை வைட்டோமோ குகைக்குக் கூட்டிச் சென்றேன்.

1887இல் மாவோரித் தலைவர் டானே டினோராவும் ஆங்கிலேய நில அளவையாளர் பிரெட் மேசும் மெழுகுதிரி வெளிச்சத்தில் தெப்பத்தில் நுழைந்த குகை அது. 1889இல் டினோராவ் அதைப் பார்வையாளருக்குத் திறந்தார். 1906இல் அரசு எடுத்துக்கொண்டது. 1989இல் அவருடைய வழித்தோன்றல்களிடம் நிலம் திரும்பியது.

சுண்ணக்கல்லை மழைநீர் மெல்லமெல்லக் கரைத்தே குகை உண்டானது என்று வழிகாட்டி விளக்கினார். பார்வையாளர் விடும் மூச்சின் கரியமிலவாயுவே கல்லை அரிக்கும் என்பதால் உள்ளே காற்றை ஓயாமல் அளக்கிறார்கள் என்றும் சொன்னார். படகில் ஏறியதும் பேச்சு நின்றது. இயந்திரமும் இல்லை, துடுப்பும் இல்லை. தலைக்கு மேலே கட்டிய கயிற்றைக் கையால் பிடித்திழுத்தே படகை நகர்த்தினார். கூரை முழுக்க நீலப்பச்சை ஒளிப் புள்ளிகள். பூச்சிப் புழுக்கள் ஒட்டும் நூல்களைத் தொங்கவிட்டு, ஒளிகாட்டி இரை பிடிக்கின்றன. ஐயா என் காதருகே குனிந்தார்: "இதுவும் எங்கட சுண்ணக்கல்லுத்தானே, தம்பி?"

வெளியே வந்தபின் அவர் குகையைப் பற்றிப் பேசவில்லை. புத்தூர்ப் புகையிலைத் தோட்டம், விடியற்காலைத் துலா மிதிப்பு, தன் தகப்பனுக்காக ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகியது என்று வீடு வரும்வரை ஊரிலேயே இருந்தார். 1990இல் போரினால் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபின் அந்தக் கேணிக்குப் போகும் வழியும் அடைபட்டது. ஆடி அமாவாசையில் கிணற்றடியில் முழுகிவிட்டுக் கீரிமலைத் திசையைக் கும்பிடுவார்.

ஐயா இப்போது இல்லை. துலாக்களும் போய்விட்டன. ஆடி அமாவாசை விரதம் எனக்கு வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே அங்கே கிணற்று நீர். தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் அதே கல்லினூடாக இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று கூடிவிட்டது. மூச்சுக் காற்றுக்கே கணக்கு வைத்து ஒரு குகையைக் காக்கிறார்கள் வைட்டோமோவில். ஊரில் இருப்பவர்களே, எங்கள் காலடி நீரையும் அப்படிக் காத்துத் தாருங்கள்.