டிக் போட்டால் போதாது, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? போனில் கேட்டால் "எல்லாம் சரியாத்தான்டி இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது உன் மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலியாகியிருக்க வேண்டிய லெட்ரோசோல் அட்டை இரண்டு முழுசாகக் கிடந்தன. சின்னவன் உன் போனில் போட்டுக் கொடுத்த ஆப்பிலோ நாள் தவறாமல் பச்சை டிக்! ராத்திரி எட்டு மணிக்கு அது கத்த ஆரம்பித்ததும், சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு தட்டுத் தட்டி அதன் வாயை அடைத்தாய். பெங்களூரில் அவன் அந்த டிக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். உன்னைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் நர்ஸாக இருக்கும் ஓபியில் தினம் பார்க்கிற சங்கதிதான்.

கீமோ, கரண்ட் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தவர்கள் இந்தச் சின்ன மாத்திரையில்தான் தடுமாறுகிறார்கள். கலிபோர்னியாவில் மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை எடுத்த 8,769 பெண்களின் மருந்துக் கணக்கைப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். நாலரை வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் 49 சதவீதம்தான். அத்தனை பேரும் இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள்.

சின்னவனுக்குத் தோன்றியதுதான் அமெரிக்காவிலும் தோன்றியது: மறந்துபோகிறார்கள், போனில் ஞாபகப்படுத்துவோம். உன் மாத்திரை வகையைச் சாப்பிடும் 724 பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வாரம் இரண்டு மெசேஜ் என்று மூன்று வருஷம் அனுப்பினார்கள். மாத்திரை உள்ளே போனதா என்று சிறுநீரையும் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. மெசேஜ் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. காலையில் விரல் மடங்கவில்லை, படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நடுராத்திரி உடம்பு கொதித்து ஜாக்கெட் நனைகிறது என்று இருப்பவளுக்கு மறதியா பிரச்சினை? அந்த மெசேஜ் ஒருவழிப் பாதை. "உனக்கு என்ன செய்கிறது?" என்று அது கேட்பதில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டே இருக்கும். உன் கட்டி அதைக் கொண்டு வளர்கிற வகை. லெட்ரோசோல் அந்த ஊற்றை அடைக்கிறது. ஆனால் மூட்டுக்கும் எலும்புக்கும்கூட ஈஸ்ட்ரோஜன் வேண்டியிருக்கிறது, அதுதான் வலி. வயசாகிவிட்டது என்று அத்தான் சொன்னால் நம்பாதே. வலிக்கிறதே என்று நீயாக மாத்திரையை நிறுத்தவும் நிறுத்தாதே, நோய் திரும்பி வர அதுவே வழி.

வலிக்கு வழி இருக்கிறது. இதே வகையில் அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் என்று இரண்டு உண்டு. ஒன்று சேராதவர்களுக்கு இன்னொன்று சேர்வதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் முடியாவிட்டால் டமாக்சிஃபென். தினமும் நடந்தால் மூட்டுப் பிடிப்பு தளரும். ஆனால் எதை மாற்றுவதானாலும் டாக்டருக்கு விஷயம் தெரிய வேண்டுமே! மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் பார்க்கிறவரிடம் போய் "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டு வருகிறாய்.

போன் உதவ வேண்டியது இங்கேதான். நியூயார்க்கில், நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்ட 766 பேரில் ஒரு பகுதியினர் தங்கள் வலி, வாந்தி, களைப்பை கம்ப்யூட்டரில் தாங்களே குறித்து வந்தார்கள். நிலைமை மோசமானால் உடனே நர்சுக்குத் தகவல் போகும். அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2017-இல் எழுதினார்கள். உன் நிலைமை அது இல்லை, பயப்படாதே. நர்ஸ் வேலை பார்க்கிற எனக்கு அதைப் படித்தபோது கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. அந்தத் தகவலைப் பார்த்துக் கூப்பிட ஒரு ஆள் இல்லையென்றால் எந்த ஆப்பும் தண்டம்தான்.

அந்த ஆளாக நான் இருக்கிறேன். ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பு. மூட்டு வலி பத்துக்கு எத்தனை, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எத்தனை மாத்திரை விட்டுப்போனது, அவ்வளவு போதும். எழுதி வைத்துக்கொண்டு அடுத்த ஓபிக்கு நானும் வருகிறேன். எலும்பு அடர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வை. அலாரம் இருக்கட்டும், மாத்திரை தொண்டையில் இறங்கிய பிறகு டிக் போடு. விட்டதற்காக மறுநாள் இரண்டாகப் போடாதே. திரையில் "கேன்சர் மாத்திரை" என்று வருவதைப் பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்று கூசினாயே, அதை "ராத்திரி மாத்திரை" என்று மாற்றிக்கொள்ளலாம், வரும்போது மாற்றித் தருகிறேன்.

சின்னவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் தங்கை