ஓட்டைக்குள் இருக்கும் வேலை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் கரையில் உள்ள படகுப் பட்டறைகளுக்குப் பழைய ஜே-24 பாய்மரப் படகுகள் இன்னும் பழுது பார்க்க வருகின்றன. ராட் ஜான்ஸ்டோன் வடிவமைத்து, 1977 முதல் பல ஆண்டுகள் கட்டப்பட்ட 24 அடிப் படகு இது. மேல்தளம் பார்வைக்கு ஒரே பலகை. உண்மையில் மேலும் கீழும் மெல்லிய ஃபைபர் அடுக்கு, நடுவே பால்சா மரம். எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் கயிறு கட்டும் கிளீட்டோ, பாய்க்கயிறு இழுக்கும் வின்ச்சோ பொருத்த அந்தத் தளத்தில் ஓட்டை போட்டே ஆக வேண்டும். ஒவ்வோர் ஓட்டையும் மரத்துக்குத் தண்ணீர் போக ஒரு வழி. சுத்தியல் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போகும் தொழிலாளி, 'டக்' என்ற ஒலி, உள்ளே மரம் ஊறியதால் 'தொப்' என்று மங்கும் இடங்களைப் பென்சிலால் வளைத்துக் குறிக்கிறார். அந்தக் கோடுகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு போல்ட்டைச் சுற்றியே விழுகின்றன. அதனால்தான் சொல்கிறேன்: ஓட்டையை அடைக்கும் சீலன்ட்டை நம்பித் தளத்தைக் காக்க முடியாது. அது என்றாவது விட்டுவிடும் என்று முதலிலேயே எடுத்துக்கொண்டு ஓட்டையைத் தயார் செய்பவரே நல்ல வேலைக்காரர்.

அந்தத் தயாரிப்பு பொறுமை கேட்கிறது. வளைத்த ஆணியை ட்ரில்லில் மாட்டிச் சுழற்றி, இரண்டு அடுக்குக்கும் நடுவிலுள்ள பால்சாவை ஓட்டையைச் சுற்றிக் குடைந்தெடுக்கிறார்கள். அடியில் டேப் ஒட்டி அடைத்து, தூள் எதுவும் கலக்காத எபாக்ஸிப் பிசினை முதலில் தடவுகிறார்கள். மரம் அதைக் குடித்துக்கொள்கிறது. பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கியதை நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளைக்கிறார்கள். துளையின் வாயை லேசாகச் சரித்து விடுவது முக்கியம். அந்தக் குழிவில், கசிவை அடைக்கும் பியூட்டைல் நாடா வளையமாகத் தங்கும், இறுக்கும்போது முழுவதும் பிதுங்கிப் போகாது. இறுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் திருப்புளியால் போல்ட்டை அசையாமல் பிடிக்க, கேபினுக்குள் மல்லாந்து கிடப்பவர் உலோகத் தகட்டை வைத்து நட்டைத் திருகுகிறார். போல்ட்டே சுழன்றால் நாடாவின் பிடி போய்விடும். இவ்வளவும் செய்த பிறகு கசிவு வந்தால் தண்ணீர் கேபினுக்குள் சொட்டுமே தவிர மரத்துக்குள் இறங்காது. சொட்டுவது கண்ணில் படும், சரிசெய்துவிடலாம். மரத்துக்குள் இறங்குவது வருஷக்கணக்கில் தெரியாது.

இன்றைய பாலியூரித்தேன் பசை இருக்க இவ்வளவு குடைச்சல் எதற்கு என்று கேட்பார்கள். வெயிலில் எஃகும் ஃபைபரும் ஒரே அளவில் விரிவதில்லை. கயிறு இழுக்கும்போதெல்லாம் தளமும் அசைகிறது. அதையும் தாங்கும் வலுவான பசையால் ஒட்டிய கிளீட்டைப் பின்னால் கழற்ற வேண்டி வந்தால், ஃபைபரும் சேர்ந்து பிய்ந்து வரும். பால்சாவின் நார் செங்குத்தாக நிற்கும்படி வெட்டியிருப்பதால் ஈரம் பக்கவாட்டில் பரவாது என்பது இன்னொரு வாதம். பாதி உண்மை. தளத்தின் வளைவுக்கு வளைய வேண்டும் என்று அந்த மரத்தைச் சிறு கட்டங்களாகக் கீறியிருக்கிறார்கள். கீறலில் பிசின் நிரம்பாத இடமெல்லாம் தண்ணீருக்கு வாய்க்கால். மரத்துக்குப் பதில் ஃபோம் வைத்தால்? அது அழுகாது, ஆனால் நட்டின் இறுக்கத்தில் நசுங்கும், நசுங்கினால் போல்ட் தளரும். ஆகவே அங்கும் எபாக்ஸி நிரப்பத்தான் வேண்டும்.

கூலிதான் உண்மையான தடை. எபாக்ஸி இறுக ஓர் இரவாவது காத்திருக்க வேண்டும், பழைய சிறு படகின் விலையோ குறைவு. எல்லா ஓட்டைக்கும் ஒரே சிரத்தை தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்: உள்மரமே இல்லாமல் கெட்டி ஃபைபராக இருக்கும் ஓரங்களில் சீலன்ட்டும் தகடும் போதும். ஆனால் பால்சா உள்ள இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அழுகிய பிறகு மேல் அடுக்கை வெட்டியெடுத்து, சொதசொதத்த மரத்தைச் சுரண்டி, புது மரம் பதித்து, மறுபடி ஃபைபர் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். அந்தக் கூலியைக் கேட்டுத்தான் பல உரிமையாளர்கள் படகையே கைவிடுகிறார்கள்.