ஃப்ரிட்ஜுக்குள் ஒரு ஸ்டாக் ஸ்டேட்மென்ட்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து இது மூன்றாவது வருஷம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி.யும் நிற்கிற ஊர் என்பதால், "பக்கம்தானே" என்பார்கள் சொந்தக்காரர்கள். முருங்கைக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

என் வேலையில் ஒரு பகுதி, கடன் வாங்கினவர்களின் கோடவுனுக்குப் போய்ச் சரக்கு எண்ணுவது. ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் எழுதியிருக்கிற மூட்டை கோடவுனில் இருக்கிறதா, ஓரத்தில் புழு வைத்த பருப்பு மூட்டைகளை நல்லதோடு சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார்களா என்று பார்ப்போம். பி.காம் படித்து, இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்த மனுஷன். ஆனால் சொந்த வீட்டு சமையலறையை ஒரு நாள்கூட நான் இன்ஸ்பெக்‌ஷன் செய்ததில்லை. போன மே மாதம் செய்ய வேண்டி வந்தது.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு இருக்கிறாள். வயது 74. மே மாதத்தில் இந்த ஊர் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு வாந்தி ஆரம்பித்தது, பின்னாலேயே பேதி. விடியற்காலை கண் சொருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ். "என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் இந்தியில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். "நீங்க சாப்பிட்டதைத்தான்டா நானும் சாப்பிட்டேன்" என்றாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்த என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அம்மா கட்டிலுக்கடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு. உள்ளே அடியில் கொஞ்சம் சாதமும் குழம்பும். எத்தனை நாளையது என்று கேட்காதீர்கள். நாங்கள் கொட்டச் சொல்லி எடுத்து வைப்பதை அம்மா தூக்கில் போட்டு வைத்துக்கொண்டு, நாங்கள் ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் போன பிறகு சுடவைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். எத்தனை மாதமாக என்று இன்றுவரை சொல்லவில்லை.

"கும்பகோணத்துல மாடு இருந்துச்சு, வாசல்ல வர்றவங்க இருந்தாங்க. இங்க மூணாவது மாடியில யாருக்குடா போடறது? கொட்ட மனசு வரலை" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. கொட்டுகிற அளவுக்கு வாங்கியது யார்? நான்தான்.

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், வயதானவர்கள் உள்ள வீட்டில் உதவும். சாதம் வெளியில் வெக்கையில் கிடந்தால் அதில் வளர்கிற சில கிருமிகள் ஒரு விஷத்தை விட்டுவிடும். திரும்பச் சுடவைத்தால் கிருமி சாகலாம், விஷம் போகாது. "நல்லா கொதிக்க வச்சுத்தானே சாப்பிட்டேன்" என்று அம்மா சொன்னதற்கு அதுதான் பதில். அம்மாவுக்கு வந்தது அதனால்தானா, குழம்பாலா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மிஞ்சிய சாதத்தை ஆற ஆற உடனே ஃப்ரிட்ஜில் வை, மறுநாளே தீர்த்துவிடு என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜையும் அலமாரியையும் காலி செய்து தரையில் பரப்பினேன். என் சர்வீஸிலேயே அவ்வளவு மோசமான ஸ்டாக்கைப் பார்த்ததில்லை. அழுகிய கொத்தமல்லி மூன்று கட்டு. வாங்கின அன்றைக்கு வைத்தபடியே கறுத்துப்போன மேத்தி. பாதி பாதியாக வெட்டிய நான்கு முட்டைக்கோஸ் (பாதி இருப்பது தெரியாமல் அடுத்ததை வாங்கியிருக்கிறோம்). துவரம்பருப்பு இரண்டு டப்பாவில், பழைய டப்பாவில் வண்டு. இத்தனைக்கும் விதர்பா துவரை விளைகிற பூமி. எந்தக் கடையிலும் கிடைக்கிற பருப்பை மாதக்கணக்கில் சேர்த்து வைக்க என்ன அவசியம்?

பையன் திருச்சியில் ஹாஸ்டலுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியும், அரிசி மட்டும் பழைய அளவிலேயே இரண்டு டம்ளர் விழுந்துகொண்டிருந்தது. அவன் ஒருத்தன் சாப்பிடுவது எங்கள் மூன்று பேருக்குச் சமம். அவன் இல்லாத அளவு போட என் மனைவிக்குக் கை வரவில்லையாம். அதை நான் எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது?

புதுக் காயை முன்னால் வைத்துப் பழையதைப் பின்னால் தள்ளியிருக்கிறோம். கடைசியில் வந்தது முதலில் போகிறது. கணக்கியல் விதியே நம் நாட்டில் இந்த முறையை ஒப்புக்கொள்வதில்லை, நான் வீட்டில் நடத்திக்கொண்டிருந்தேன் :-)

ஆனால் என்னை உட்கார வைத்தது வேறு. மிக அதிகமாக வீணானது ஊரிலிருந்து வந்தவை. சின்ன வெங்காயம் முளை விட்டு உள்ளே கூடாகிவிட்டது. முருங்கைக்காய் "ஞாயித்துக்கிழமை நிதானமா வைக்கலாம்" என்று வைத்து வைத்து விறகாகிவிட்டது. பெரியம்மா இடித்துக் கொடுத்த சாம்பார் பொடி மணம் போய்க் கிடந்தது. அருமையான பொருள் என்று தொடாமலே வைத்துக் கெடுத்திருக்கிறோம். வெளியூரில் இருக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டில் இது நடக்கிறது என்று நான் எழுதியே கொடுப்பேன்.

நான் எக்ஸெல் ஷீட் ஒன்று போட்டேன். ஆரம்ப இருப்பு, வாங்கியது, கடைசி இருப்பு எல்லாம் கலர் கலராக. மூன்றே நாளில் படுத்துவிட்டது. சமையல் செய்கிறவள் கைகழுவிவிட்டு லேப்டாப்பைத் திறப்பாளா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்த அம்மா, "உங்கப்பா கடையில தினம் காலையில என்ன செய்வாரு?" என்று கேட்டாள். அப்பா வைத்திருந்தது மளிகைக் கடை. கடை திறந்ததும் முதல் வேலை, பழைய சரக்கை முன்னால் இழுத்து வைத்துப் புதுசைப் பின்னால் அடுக்குவது. கல்லூரியில் அதற்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுத்துப் பரீட்சையில் மார்க்கும் போட்டார்கள். அவர் எட்டாவது படித்தவர்.

அன்றிலிருந்து திட்டம் அம்மாவுடையது. எங்கள் பக்கம் புதன்கிழமை சந்தை. சந்தைக்குப் போகும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து, இருப்பதை அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அம்மா சொல்வதைத்தான் என் மனைவி வாங்கி வருவாள். மலிவு என்று எதுவும் கூடுதலாக வரக்கூடாது.

வியாழன், வெள்ளி கீரை. மேத்தி, இல்லாவிட்டால் இங்கே அம்பாடி என்கிற புளிச்சக்கீரை. சனி, ஞாயிறு வெண்டை, கத்திரி, கோவைக்காய். (கோவைக்காய்க்கு மராத்தியில் தோண்ட்லி. முதல் வருஷம் விரல் காட்டித்தான் வாங்கினோம்.) கோஸ், பூசணி, சேனை மாதிரி தாங்குகிறவை திங்களுக்கு. செவ்வாய் காய் கிடையாது. சுண்டைக்காய் வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், அப்பளம். ஊர்ச் சரக்கு அன்றைக்கு வெளியே வந்தே தீர வேண்டும். புதன் காலை மிச்சம் மீதித் துண்டுகள் எல்லாம் கதம்ப சாம்பார். முருங்கைக்காய் வந்தால் மறுநாளே, நல்ல நாள் பார்ப்பது கிடையாது.

பருப்பை ஒரே தடவையாக இரண்டு நாளுக்கு வேகவைத்து, புளி உப்பு சேர்க்காமல் பாதியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் கூட்டு பத்து நிமிஷம். இட்லி மாவு இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பேறினால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். கோடையில் இங்கே ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும், தூங்கப்போகும் முன் உள்ளே வைத்துவிட வேண்டும். ஜனவரியில் அதே மாவு மறுநாள் மதியம்கூட அசையாது.

அரிசி இப்போது ஒன்றேகால் டம்ளர். பையன் லீவுக்கு வந்தால் இரண்டு.

முதல் மாதம் கொட்டியதைத் தராசில் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. முதல் வாரம் 2 கிலோ 300 கிராம். நாலாவது வாரம் 400 கிராம், அதிலும் பாதி நான் அம்மாவிடம் கேட்காமல் வாங்கி வந்த பச்சைப் பட்டாணி.

கட்டிலுக்கடியில் நான் இன்னமும் குனிந்து பார்க்கிறேன். அம்மாவுக்கும் தெரியும், ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் மேடை ஓரத்தில் மூடி வைத்த ஒரு கிண்ணத்தில் பூசணிக் கூட்டு இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். "இன்னிக்கு மத்தியானம் வச்சதுடா, உனக்குத்தான்" என்றாள் உள்ளேயிருந்து. மத்தியானத்துதுதான். நின்றபடியே வழித்துச் சாப்பிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.