விடாத பிரேக்

தக்கலையில் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு டிஸ்க் பிரேக் காலிப்பர் இறுகிப்போய் வரும் கார்களில் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வண்டிகள் நிறைய. லீவு முடிந்து ஆள் விமானம் ஏறியதும் வண்டி ஷெட்டில் நிற்கும். அடுத்த லீவுக்குத்தான் சாவி போடுவார்கள். “வண்டி ஓடவே இல்லியே அண்ணாச்சி, பின்ன பிரேக்கு எப்பிடிப் போச்சு?” என்பார்கள். ஓடாததால்தான் போனது.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல் கடலும் பக்கம். காலிப்பரின் டஸ்ட் கவர் லேசாகக் கிழிந்திருந்தாலும் உப்பு ஈரம் பேடை அழுத்தும் பிஸ்டன்வரை போய்விடும். உள்ளே இருக்கும் பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாள்தோறும் பெடல் மிதிபட்டால் பிஸ்டன் அசைந்துகொண்டாவது இருக்கும். நிற்கிற வண்டியில் துருவுக்குத் தடையே இல்லை.

டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் என்பவர் இங்கிலாந்தில் 1902-லேயே காப்புரிமை வாங்கினார். 1953-ல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் அதை வைத்து ஜெயித்த பிறகுதான் கார் உலகம் அதை மதித்தது. டிரம் போல மூடிவைக்காமல் திறந்திருப்பதால் சூடு சீக்கிரம் ஆறும். அந்தத் திறப்பே நம்மூர் மழைக்கும் வழி.

பிரேக் பிடிக்காவிட்டால் அன்றைக்கே வண்டியைக் கொண்டுவந்துவிடுவார்கள். விடாவிட்டால் பலருக்குத் தெரிவதில்லை. டிரம்மில் லைனரை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் உண்டு. காலிப்பரில் அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர விளிம்பு ரப்பர் சீல்தான். பெடலை மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சீல் முன்பக்கம் வளையும். காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த இம்மியளவு போனால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், சக்கரம் கொதிக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140-தான். பேச்சிப்பாறைக்கு மேலே இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை போய்விடும்.

கழற்றும்போது காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டிவைக்க வேண்டும். ஹோஸைப் பிரிக்கும் முன்பே பேடு இருந்த இடத்தில் மரக்கட்டை வைத்து, பையனைப் பெடலை மெல்ல மிதிக்கச் சொல்வேன். பிஸ்டன் தானே முன்னால் வரும். காற்றடித்து எடுக்கிறவர்கள் உண்டு. பிஸ்டன் பாய்ந்து வரும் வழியில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். பையன்களை அதற்கு நான் விடுவதில்லை.

பிஸ்டனின் குரோம் உரிந்து குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். எமரித் தாளால் தேய்த்துப் போடுவது பாவம். ஆனால் அதிகம் கவனிக்க வேண்டியது சீல் உட்காரும் பள்ளத்தை. அதன் அடியில் துரு இருந்தால் புதுச் சீலையும் அது பிஸ்டன்மேல் நெருக்கும். நெருக்கப்பட்ட சீல் வளையாது, இழுக்காது. புதுக் கிட் போட்டும் வண்டி இழுக்கிறதே என்று வருகிறவர்களிடம் முதலில் நான் பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான். உலோகம் கீறாமல் சுரண்டி, பிரேக் ஆயிலாலேயே கழுவ வேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ பட்டால் ரப்பர் உப்பிவிடும். காலிப்பர் நகரும் பின்களையும் விடக் கூடாது. அவை இறுகினால் உள்பக்கப் பேடு மட்டும் தேய்ந்துபோகும்.

மாட்டும்போது இடம் வலம் மாறக் கூடாது. மாறினால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தங்கிய காற்று எத்தனை முறை ஏர் எடுத்தாலும் வராது. ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டு, ஏர் எடுத்து, பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துவேன். குலசேகரம் ரோட்டில் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோவேன். ஒரு பக்கம் சூடு கூடுதலாக இருந்தால் வண்டி மறுபடியும் ஜாக்கியில் ஏறும்.